இடுப்பிலிருந்து தாடைக்கு

பல் கட்டும் பட்டறையில் அவளுக்கு மாவக்கா என்று பெயர். மாவு என்றால் தின்கிற மாவு இல்லை, பிளாஸ்டர். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வாய்க்குள் பசையை வைத்துக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றி, கல்லாக இறுகியதும் பிரித்தால் கையில் ஒரு தாடை வரும். அந்தத் தாடையின்மேல் மற்றவர்கள் பல் செய்வார்கள். ஊற்றிப் பிரித்துக் கொடுப்பதோடு அவள் வேலை முடிந்தது.

ரப்பர் கிண்ணத்தை வலது உள்ளங்கையில் ஏந்தி, கரண்டியை இடது கையில் பிடித்துக் கலக்குவாள். குமிழி தங்கிவிடாமல் இருக்க, அதிரும் மேசையின்மேல் அச்சை வைத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுவாள். ஜன்னல், அலமாரி, அவளுடைய புருவம் எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகத் தூசி படிந்திருக்கும். சுவரை ஒட்டிய தட்டுகளில் யார் யாருடையவோ தாடைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக இருக்கும்.

அந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்கிற பாடம் வலது இடது. எதிரே இருக்கும் தாடையில் உன் கைப்பக்கத்தைப் பார்க்காதே, வாய்க்குச் சொந்தக்காரரின் பக்கத்தைப் பார். கண்ணுக்கு வலதாகத் தெரிவது அவருக்கு இடது. சில வருஷங்களில் இது ரத்தத்தில் ஊறிவிடும். அவளுக்கும் ஊறிவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கன்னத்தில் மச்சம் இருந்தால்கூட மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாவு இறுகும்போது சூடேறும். கையில் பிடித்தால் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி இருக்கும். சற்று நேரத்தில் தானாகக் குளிர்ந்துவிடும். மற்றவர்கள் சூடாக இருக்கும்போதே தொட்டுப் பார்த்து "வந்துருச்சு" என்பார்கள். அவள் குளிரும்வரை அதன் பக்கமே போகமாட்டாள். காரணம் தெரிந்ததால் யாரும் கேட்பதில்லை.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பேச்சு வரத் தொடங்கியிருந்த வயது. காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பிறகு ஒரேயடியாகக் குளிர்ந்துவிட்டது.

அதன்பிறகு அவள் தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தில் ஒரு நாளைக் கழித்துவிட்டு வருகிற மனுஷன். "உன் வாய்க்குள்ள ஒரு பல்சக்கரம் தேயுது. கிரீஸ் வைக்கணும்" என்று காலையில் சொல்வான். சிரிக்கத்தான் சொன்னான். சிரிப்பு வரவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். குழந்தையைப் பற்றியும் அவன் பேசுவதில்லை. துணிகள், செருப்பு, தட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் மூட்டை கட்டி எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவன், அன்றைக்கு வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டான்.

கடித்துக் கடித்துக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களும் பிளந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பல் போன இடத்தில் எலும்பும் தங்காது. தாங்குவதற்கு ஒன்று இல்லாத எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துவிடும். அவள் தினம் பார்க்கிற விஷயம்தான். தட்டில் இருக்கும் கிழவர்களின் தாடைகள் கத்தி முனை மாதிரி மெலிந்திருக்கும். தன்னுடையதும் அப்படி ஆகிக்கொண்டிருப்பதை நாக்கால் தடவித் தெரிந்துகொண்டாள்.

"பல் கடையில இருந்துக்கிட்டுப் பல்லு இல்லாம நிக்கிறியேக்கா. நீ நம்ம கடைக்கு விளம்பரமா, எச்சரிக்கையா?" என்றான் மெழுகுக்காரன். மெழுகில் பல் செதுக்குகிறவன். பக்கத்து மேசை.

"உன் கையால செஞ்ச பல்லைப் போடுறதுக்கு இது தேவல தம்பி."

அவன்தான் அந்தச் செய்தியையும் கொண்டுவந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் போனவர்களைத் தேடுகிறார். கரைந்த எலும்பை மறுபடி வளர்த்துப் பார்க்கப்போகிறார்கள்.

டாக்டரம்மா வயதில் சின்னவர். பேசும்போது பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்கில்லையா, அதுல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. அதை எடுத்து வெளியில வளர்த்து, எலும்பு இல்லாத எடத்துல வச்சா எலும்பா மாறும். இடுப்பெலும்புல நிறையக் கிடைக்கும். தாடையில கொஞ்சம்தான் கிடைக்கும். ஆனா தாடையை வளர்க்கத் தாடையோடதே நல்லதா, இல்ல இடுப்போடது போதுமான்னு இன்னும் சரியாத் தெரியல. அதனால உங்களுக்கு ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது."

"எந்தப் பக்கம் எது டாக்டர்?"

"எனக்கே சொல்லமாட்டாங்க. தெரிஞ்சா என் கண்ணு ஓரவஞ்சனை பண்ணும்."

"ரெண்டும் என் எலும்புதானே. அதுக்குள்ள என்ன வித்தியாசம்?"

பேனா ஒரு நிமிஷம் நின்றது. "ஒரே வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரு வேற வேற ஊர்ல வளர்ந்த மாதிரி. எடுத்து இன்னொரு எடத்துல வச்சாலும், முன்னால இருந்த எடத்துப் பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் விடாது."

வீட்டில் சொன்னபோது புருஷன் யோசித்துவிட்டுக் கேட்டான். "இடுப்பைக் கொண்டுபோய் வாயில வச்சா, நீ உக்காரும்போது வாய் தானா மூடிக்குமா?"

"மூடினா உங்களுக்கு நல்லதுதானே."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

மஜ்ஜை எடுக்க ஊசி போட்ட அன்று அவளைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மருந்து வண்டி கட்டிலுக்கு இடப்பக்கம் நின்றிருந்தது. அதனால் இடது இடுப்பில் குத்தினார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்திருந்தும், மஜ்ஜையை உறிஞ்சும்போது காலுக்குள்ளிருந்து ஒரு கயிற்றை உருவுகிற மாதிரி இருந்தது. பிறகு தாடையின் பின்புறத்திலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து, வளர்த்த செல்களைக் கல் உப்பு மாதிரியான பொடியில் கலந்து இரண்டு பக்கமும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

வீக்கம் வடிந்து தையல் பிரித்து, பட்டறைக்குத் திரும்பிய பிறகுதான் அது ஆரம்பித்தது.

வலி என்று சொல்ல முடியாது. இடது தாடைக்குள் ஒரு பாரம். உள்ளே ஏதோ உட்கார்ந்திருந்தது. மாவு கலக்கிக்கொண்டிருக்கும்போது அந்தப் பாரத்துக்குள்ளிருந்து ஒரு தட்டல் வரும். தட், தட், கொஞ்சம் இடைவெளி, தட். நாடித் துடிப்பாக இருக்கும் என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அதன் கணக்கு வேறு.

"அக்கா, ஏன் இப்படி வலதுபக்கமா ஒடிஞ்சு நிக்கிற?" என்றான் மெழுகுக்காரன். "இடது பக்கம் குடம் வச்சிருக்கவ மாதிரி."

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். ஆமாம். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது, உடம்பு வலதுபக்கம் சாய்ந்திருந்தது. அந்த நிலை அவளுக்குத் தெரிந்த நிலை. குழந்தையை இடுக்கிக்கொண்டு நிற்கிற நிலை. அந்தத் தட்டலும் தெரிந்த தட்டல்தான். இடுப்பில் உட்கார்ந்துகொண்டு குதிகாலால் உதைக்குமே, அந்த உதை.

அன்று மாலை பழைய ஃபோனை எடுத்தாள். மின்சாரத்தில் செருகியிருந்தால்தான் அது விழிக்கும். குழந்தை இடுப்பில் இருக்கிற படம் அதில் ஒன்றுதான் இருந்தது. அவளே கையை நீட்டி எடுத்தது. சமையலறைச் சுவருக்கு முன்னால், அசைந்ததில் பாதி மங்கிய முகத்தோடு பாப்பா. படத்தில் பாப்பா இருந்தது வலது ஓரம். தொழில் பழக்கம், மனசு உடனே திருப்பிப் போட்டது. எதிரே வலது என்றால் அவளுக்கு இடது. இடது இடுப்பு. ஊசி இறங்கிய அதே இடுப்பு.

இருந்த இடத்துப் பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் விடாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கே தெரியும். ஆனால் இடதுபக்கம் மெல்லுவதை விட்டாள். அந்தப் பக்கக் கன்னத்தைக் குளிர் காற்றில் காட்டமாட்டாள். பேச்சு குறைந்தது. தட்டல் வராத நாளில் நிலைகொள்ளாமல் நாக்கால் ஈற்றை மெல்ல அழுத்திப் பார்ப்பாள். வந்துவிட்டால் முகம் தெளியும்.

"உன் பல்சக்கரம் ஓடுறதில்ல, கவனிச்சியா?" என்றான் புருஷன் ஒரு காலையில்.

"எது?"

"பல்லைக் கடிக்கிறது. நின்னு ரொம்ப நாளாச்சு."

அவளுக்குத் தெரியாது. தூங்கும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நெரித்துவிடக் கூடாதே என்று.

சில மாதம் கழித்து டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இரண்டு பக்கமும் எலும்பு வளர்ந்திருந்தது. "அடுத்து திருகு போட்டுடலாம். அந்தத் திருகுமேலதான் பல்லு உக்காரும். திருகு போட ஓட்டை போடணும் இல்லையா, அந்த எடத்துல இருந்து எலும்பைத் தீக்குச்சித் தடிமனுக்குத் துண்டா எடுத்துக்குவோம். ரெண்டு பக்கமும். எது எப்படி வளர்ந்திருக்குன்னு அதை வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"இடது பக்கம் வேணாம் டாக்டர்."

"வலிக்காது. மரக்க வச்சிடுவோம்."

"வலிக்குப் பயமில்ல. இடது பக்கத்துல கை வைக்க வேணாம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "வேணாம்னா வேணாம்தான். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா நீங்க பல்லு வேலையில இருக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததா? திருகு இல்லேன்னா அந்த எலும்புக்கு வேலையில்ல. வேலை இல்லாத எலும்பு எவ்வளவு நாள் நிக்கும்? பழையது போன வழியிலேயே இதுவும் போயிடும். நல்லா யோசிச்சு அடுத்த வாரம் வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. துளை போட்டால் ஒரு துண்டு போய்விடும். சீசாவில் போட்டு, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். போடாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் போய்விடும். ஒரு தடவை கையில் வைத்துக்கொண்டே தொலைத்தவள் அவள். காய்ச்சல் தானாக இறங்கும் என்று ஒரு பகல் காத்திருந்தாள். இப்போது காத்திருப்பதா, கொண்டுபோய்க் கொடுப்பதா என்று தட்டிலிருந்த அத்தனை தாடைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். 

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் காலையில் அவள் கிளம்பவில்லை. சமையல் மேடையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "மணியாச்சே, போகலையா?" என்றான்.

"போகல."

"ஏன்?"

"இடதுபக்கம் தோண்டணும்கிறாங்க."

"சரி. தோண்டினாத்தானே பல்லு."

"அங்க பாப்பா இருக்கு."

அவன் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொல்லிமுடித்தாள். இடது இடுப்பு, டாக்டரம்மா சொன்ன பழக்கம், பாரம், உதை, படம். அவன் கேலி செய்வான் என்று நினைத்தாள். கோபித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். அவன் பாதியில் விட்ட கயிற்றை இறுக்கி முடிந்தான்.

"நீ அவளை இடதுல வச்சதே இல்லையே" என்றான்.

"என்ன சொல்றீங்க?"

"நீ இடதுகைக்காரி. கிண்டுறது, துடைக்கிறது, பூட்டைத் திறக்கிறது எல்லாம் இடது. அந்தக் கை காலியா இருக்கணும்னு அவளை எப்பவும் வலதுலதான் வச்சிருப்ப."

"படத்துல இருக்கே. நான் பார்த்தேனே."

"அது முன் கேமராவுல எடுத்தது. அந்த ஃபோன் கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டும். பின்னால காலண்டர் இருக்கும் பாரு."

அவள் ஃபோனைச் செருகி, விழிக்கும்வரை நின்றாள். படத்தைப் பெரிதாக்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் கண் அந்த முகத்தைத் தாண்டிச் சுவருக்குப் போனதே இல்லை. காலண்டரில் எண்கள் எல்லாம் இடவலம் மாறிக் கிடந்தன. தினமும் அச்சுக்குள் மாறிக் கிடப்பதைப் பார்க்கிறவளுக்கு அது உறுத்தியிருக்கவும் செய்யாது. கண்ணாடியில் தெரிகிற வலது வலதுதான். அதைத் திருப்பத் தேவையில்லை. அவள் திருப்பிவிட்டாள்.

"உன் ஏப்ரனை எடு" என்றான் அவன்.

கதவுக்குப் பின்னால் அவள் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஏப்ரன் தொங்கியது. அவன் எழுந்து அதன் வலது பாக்கெட்டை விரித்துக் காட்டினான். ஓரம் கிழிந்து, வேறு நிற நூலில் தாறுமாறாகத் தைத்திருந்தது.

"வேலை விட்டு வந்ததும் இதைக் கழட்டக்கூட விடமாட்டா, ஏறிக்குவா. கால் விரலை இந்தப் பாக்கெட்டுல நுழைச்சுக்கிட்டு உதைப்பா. அவ கிழிச்சது. தைச்சது நான்." நூலைக் கட்டைவிரலால் தடவினான். "என் தையலைப் பார்த்து நீ சிரிச்ச."

ஆறு வருஷமாகத் தினமும் அந்தப் பாக்கெட்டில் கை விட்டிருக்கிறாள்.

அவன் ஏப்ரனை மாட்டிவிட்டு வெளியே போய் நின்றான். அன்று வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தான்.  வழி முழுக்க இடது தாடை உதைத்துக்கொண்டே இருந்தது. பாப்பா ஒருநாளும் உட்காராத இடுப்பிலிருந்து எடுத்தது. ஒருவேளை இடுப்பிலிருந்து வந்ததுகூட இல்லை, தாடையிலிருந்தே வந்ததாக இருக்கலாம். அப்படியானால் உள்ளே உதைப்பது யார்? கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். உதை நின்றது. கையை எடுத்ததும் வந்தது.

"ரெண்டு பக்கமும் எடுத்துக்குங்க டாக்டர்" என்றாள்.

மரத்துப்போன தாடைக்குள் துளைக்கருவி இறங்கியபோது சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. இடது முடிந்ததும் துண்டைப் பார்க்கக் கேட்டாள். சீசாவுக்குள் சிவப்புக் கோடு போட்ட ஒரு துணுக்கு. வலதும் முடிந்தது. அதுவும் ஒரு துணுக்கு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்றையொன்று பிரித்துச் சொல்ல முடியாது.

"பிற்பாடு எந்தப் பக்கம் எதுன்னு எனக்குச் சொல்வாங்க. உங்களுக்குத் தெரியணுமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

மரத்த உதடு சொன்னபடி கேட்கவில்லை. வேண்டாம் என்று தலையாட்டினாள்.

திருகு எலும்போடு ஒட்டிய பிறகு பல்லுக்கு அச்சு எடுத்தார்கள். மறுநாள் அந்த அச்சு மற்றவற்றோடு ஒரு தட்டில் பட்டறைக்கு வந்தது. மேலே எண் மட்டும்தான் எழுதியிருந்தது. கடித்துக் கடித்து ஓரம் சிதைந்த முன்பல்லின் பள்ளத்தைப் பார்த்ததும் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாவைக் கலக்கினாள். ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். இடது கடைவாய்ப் பக்கம் நிறையும்போது தன் இடது தாடைக்குக் காது கொடுத்தாள். திருகு போட்ட நாளிலிருந்து அங்கே சத்தம் இல்லை. பூட்டிய வீடு மாதிரி கிடந்தது. இரவில் மறுபடி பல்லைக் கடிக்கிறாள் என்று புருஷன் சொன்னான். இந்தத் தடவை கிரீஸ் பற்றிப் பேசவில்லை. எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

மாவு இறுகத் தொடங்கியது. அவள் வழக்கமாக விலகிப் போகிற நேரம். போகவில்லை. கல்லானதும், சூடு தணிவதற்குள் அச்சைப் பிரித்துத் தாடையை எடுத்து ஏப்ரனின் வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அடுத்த அச்சை இழுத்து இடது கையால் கலக்க ஆரம்பித்தாள்.

சூடு துணியைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. முதலில் இளஞ்சூடு, பிறகு நன்றாகவே சுட்டது.

"என்னக்கா, இன்னைக்கு இந்தப் பக்கம் சாஞ்சிருக்க?" என்றான் மெழுகுக்காரன், செதுக்குவதை நிறுத்தாமல். "போன தடவை அந்தப் பக்கம்."

அவள் பார்த்தாள். உடம்பு இடதுபக்கம் ஒடிந்து, வலது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது.

"இந்தக் கை காலியா இருக்கணும்ல" என்றாள்.

"அது சரி" என்றான் அவன்.

பாக்கெட்டில் தட், தட், கொஞ்சம் இடைவெளி. அதிரும் மேசையாகத்தான் இருக்கும். கையை நீட்டி மேசையின் சுவிட்சை அணைத்தாள். தட். அவள் அசையாமல் நின்றாள். பாக்கெட்டின் தையலுக்குள் இருந்த சூடு குறைய ஆரம்பித்தது. கிண்ணத்தில் கலக்கிய மாவு ஊற்றப்படாமலே கெட்டியாகிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியை விட்டுவிட்டு, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பாக்கெட்டைப் பொத்திக்கொண்டாள். குளிர்ந்து முடியும்வரை எடுக்கவில்லை.